தேருக்கு வழிவிடும் தெரு

தோற்றுவாய்

திருச்செந்தூரில் ஆண்டுதோறும் ஆவணியிலும் மாசியிலும் பெருவிழா நடைபெறுகின்றது. ஏழாம் நாள் சிவப்புச் சாத்தி, எட்டாம் நாள் பச்சைச் சாத்தி, பத்தாம் நாள் தேரோட்டம் என்னும் வரிசை, செந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்த எவருக்கும், அவர் எச்சமயத்தவராயினும், மனப்பாடம். பத்தாம் நாள் விடியற்காலையில் தேர் செல்லும் வீதியில் நின்று பார்ப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கும். முதல் நாள் வரை தெருவை அடைத்துக்கொண்டு நின்ற கார்கள் இல்லை; இருசக்கர ஊர்திகள் இல்லை; கடைக்கு முன் நீண்டிருந்த கீற்றுப் பந்தல் இல்லை; வாசற்படிக்கு அப்பால் துருத்திக்கொண்டிருந்த தகரக் கூரையும் மடக்கப்பட்டிருக்கும். விநாயகர் தேரும் சுவாமி தேரும் அம்மன் தேரும் ஒன்றன்பின் ஒன்றாக நிலைக்கு வந்து சேரும் வரை அந்தத் தெரு, தெருவாகவே இருக்கும்.

மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகின்றது. கார் தன் இடத்துக்குத் திரும்புகின்றது. “என் வாசலை மறித்து யார் வண்டியை நிறுத்தியது?” என்னும் குரலும் திரும்புகின்றது.

தேருக்கு வழிவிடத் தெரிந்த நமக்கு, அடுத்த வீட்டாருக்கு வழிவிடத் தெரியாமற் போனது ஏன்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். வண்டி நிறுத்துவதைப் பற்றி ஒரு தமிழ்த்துறை மலரில் எழுத என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணலாம். நாட்டின் பெரிய சிக்கல்களோடு ஒப்பிடுங்கால் இது அற்பமே. ஆனால் இருபது ஆண்டு உறவை ஓர் இரவில் முறிக்கும் ஆற்றல் இந்த அற்பத்துக்கு உண்டு. அண்மைக் காலத்தில் உயிரையும் குடிக்கத் தொடங்கியிருக்கின்றது. ஆதலின் எழுதுகின்றேன்.

ஆறும் தெருவும்

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை அப்பொருளில் எழுந்த பெயரே. மதுரைக்காஞ்சியும் நெடுநல்வாடையும் அகன்று நீண்ட தெருவை ஓடும் ஆற்றோடு உவமித்துள்ளமையை நம் மாணவர் அறிவர். உவமையின் உட்பொருள் எளியது. ஆற்றின் இயல்பு ஓடுதல். தெருவின் இயல்பு செல்லவிடுதல். தேங்கிய ஆறு குட்டையாகிவிடுவது போல், மறிக்கப்பட்ட தெரு வெறும் இடைவெளியாகிவிடும்.

பொருநை பாயும் இந்நாட்டின் பழைய வீட்டமைப்பை எண்ணிப் பார்த்தல் தகும். தெருவை நோக்கித் திண்ணை; அதனையடுத்துத் தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுப்படி; பின்னே புறவாசல். வண்டியும் மாடும் உடைய வீட்டார்க்குத் தொழு ஒன்று தம் மனைக்குள்ளேயே இருந்தது. பயணம் முடிந்து வந்த வண்டியை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிட்டு உறங்கப் போனவர் அரியர். உடைமை உள்ளே, நடமாட்டம் வெளியே என்னும் பிரிவு எவரும் எழுதி வைக்காமலே நிலவியது. வளவுகளில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே முற்றத்தைப் பங்கிட்டு வாழ்ந்தன. முற்றத்தில் யாருடைய கட்டில் எப்போது கிடக்கலாம் என்பதற்கும் ஒரு முறை இருந்தது.

செந்தூருக்கு அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் வீடுகளின் பின்புறமாகச் செல்லும் முடுக்குகள் இன்றும் உள்ளன. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் பெருந்தெருவுக்கு வராமலே சென்றுவர அமைந்த ஒடுங்கிய பாதைகள் அவை. ஒவ்வொரு மனைக்காரரும் தம் எல்லையைச் சற்று உள்வாங்கிக் கொண்டதால் எல்லார் வீட்டுப் பெண்களுக்கும் கிடைத்த வழி அது. ஒருவர் தம் சுவரை இரண்டடி நீட்டியிருந்தால் அந்த முடுக்கு அத்துடன் முடிந்திருக்கும். நம் முன்னோர் இடத்தில் வறியர். இடங்கொடுப்பதில் வறியர் அல்லர்.

ஓர் எளிய கணக்கு

இன்றைய நிலை வேறு. நம் நாட்டில் மாருதி 800 என்னும் சிறு கார் 1983ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. நடுத்தர வருவாயுடையோர் கார் வாங்கலாம் என்னும் எண்ணத்தை ஊட்டியது அதுவே. அதன் அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர், நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர். இன்று நம் தெருக்களில் நிற்கும் எழுவர் அமரும் கார்களுள் பல 1.8 மீட்டர் அகலமும் நாலரை மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் கொண்டவை. கார் வளர்ந்தது, தெரு வளரவில்லை.

கிளைத்தெரு ஒன்று 15 அடி அகலம் உடையது என்று கொள்வோம். திண்ணையை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டிய வீட்டார், கார் ஏறுவதற்குத் தெருவை நோக்கிச் சிமெண்டுச் சாய்தளம் அமைக்கின்றனர். இருபுறமும் இரண்டிரண்டு அடி போனால் எஞ்சுவது 11 அடி, அஃதாவது சற்றேறக்குறைய 3.35 மீட்டர். அதில் ஒரு பக்கம் மட்டும் ஒரு கார் நின்றாலும் மிச்சம் ஒன்றரை மீட்டரே. ஆம்புலன்சு ஊர்தியின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். தீயணைப்பு வண்டி அதனினும் அகலம். தமிழகத்தில் 2008ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணை அழைத்தால் ஆம்புலன்சு வருகின்றது. ஆனால் அது தெருமுனை வரைதான் வருகின்றது. தெருமுனையிலிருந்து நோயாளியின் கட்டில் வரையுள்ள தொலைவு நம் கையில் இருக்கின்றது.

நான் செய்த பிழை

பிறர் குற்றத்தைப் பேசுமுன் தன் குற்றத்தைச் சொல்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன், வங்கிக் கடனில் பழைய கார் ஒன்றை வாங்கினேன். என் வீட்டில் அதனை நிறுத்த இடமில்லை. எதிர்வீட்டின் இரும்புக் கதவுக்கு முன் நல்ல நிழல் இருந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி ஓய்வுபெற்றவர். அவரிடம் காரும் இல்லை, இருசக்கர ஊர்தியும் இல்லை. மிதிவண்டி ஒன்றே உண்டு. வண்டி இல்லாத வீட்டுக்கு வண்டி வழி எதற்கு என்பது அன்று என் வாதம். அவ்வாதம் எனக்கு மிகவும் நியாயமாகவே தோன்றியது.

அண்ணாச்சி முதலில் இருமுறை மெல்லச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு மறுநாளும் அங்கேயே நிறுத்தினேன். ஒருநாள் காலையில் அவர் வாசலுக்கு முன் இரண்டு கருங்கற்கள் கிடந்தன. நான் அவற்றைச் சற்றே நகர்த்திவிட்டு நிறுத்தினேன். அத்துடன் பேச்சு நின்றது. அதன்பின் எங்கள் வேப்பமரத்துச் சருகு அவர் முற்றத்தில் விழுவது குற்றமாயிற்று. அவர் வீட்டு மாடித் தண்ணீர் தெருவில் வழிவது எனக்குக் குற்றமாயிற்று. இரு வீட்டுப் பெண்களும் பழைய பழக்கத்தில் கிண்ணம் மாற்றிக்கொண்டிருந்தனர். அதுவும் படிப்படியாக நின்றது. காரணம் கேட்டால் இரு தரப்பிலும் நீண்ட பட்டியல் இருந்தது. பட்டியலின் முதல் வரி மட்டும் எவர் வாயிலும் வரவில்லை. அது என் கார்.

ஓர் ஐப்பசி மழை இரவில் அண்ணாச்சியின் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. தெருவே ஆச்சி என்றழைக்கும் மூதாட்டி அவர். ஆம்புலன்சு வந்துவிட்டது. கதவுக்கும் என் காருக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் இடைவெளியே இருந்தது. நோயாளியைக் கிடத்திய படுக்கை அதில் திரும்பாது. என் கதவைத் தட்டினார்கள். மழையொலியில் எனக்குக் கேட்கவில்லை. நான் விழித்துச் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள், நான்கு பேர் ஆச்சியை நாற்காலியில் அமர்த்தி, நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கி, என் காரின் முன்மூடியைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டனர். நனைந்த காரின் மேல் அவர்கள் கை ஊன்றிய தடம் இருந்தது.

ஆச்சி பிழைத்து வீடு திரும்பினார். பல நாள் கழித்துத்தான் எனக்கு அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வந்தது. நான் போனபோது அவர் அந்த இரண்டு கருங்கற்களையும் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். “இனி இந்தக் கல்லு எதுக்கு சார்? நீங்க பாத்துக்கிடுவிய” என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லுக்குப் பதில் என்னிடம் இல்லை.

வழி என்பது வண்டிக்கு உரியதன்று, மனிதர்க்கு உரியது என்பதை அன்று கற்றேன். வண்டி இல்லாத வீட்டிலும் நோய் உண்டு, பேறுகாலம் உண்டு, இறுதி ஊர்வலமும் உண்டு.

சட்டம் வகுத்த கோடு

இச்சிக்கலில் இரு தரப்பாரும் சட்டத்தைத் தம் பக்கம் இழுப்பர். சட்டம் சொல்வதோ இருவர் காதுக்கும் முழு இனிமை தராது.

முதலாவது, பொதுத்தெருவை ஒட்டி மனை உடையவர்க்குத் தம் மனையிலிருந்து தெருவுக்குச் சென்றுவரும் உரிமை உண்டு. இது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுவரும் கோட்பாடு. அவ்வுரிமையை மறிப்பது தவறு. சாலை நெறிமுறைகள் பற்றி 1989இல் வெளியான ஒழுங்குவிதிகளே, ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து ஊர்தி நிறுத்தலாகாது என்று கூறின. ஒருவர் செல்ல உரிமையுள்ள திசையில் அவரைச் செல்லவொட்டாமல் வேண்டுமென்றே தடுப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 341ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியதாயிருந்தது. 2024 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் அது 126ஆம் பிரிவு. தண்டம் 500 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. ஒரு மாதம் வரை வெறுங்காவலும் விதிக்கலாம். பொதுவழியில் இடையூறு விளைவிப்போர்க்கு உரிய 285ஆம் பிரிவும் 5,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கின்றது.

இரண்டாவது, தம் வீட்டுக்கு முன்னுள்ள தெரு தமக்கே சொந்தம் என்று கருதும் உரிமை எவர்க்கும் இல்லை. சென்றுவரும் உரிமை வேறு; காலி இடத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வேறு. வாயிலுக்கு நேரே நிற்கும் வண்டியை அகற்றக் கேட்கலாம். மதிற்சுவருக்கு நேரே, எவர்க்கும் இடையூறின்றி நிற்கும் வண்டியை நோக்கி “என் வீட்டுக்கு முன்னால் நிறுத்தாதே” என்று சொல்ல இடமில்லை. கருங்கல், பூந்தொட்டி, பழைய ஆட்டுரல், சங்கிலி கட்டிய இரும்புக் குழாய் ஆகியவற்றைத் தெருவில் வைப்பதும் பொதுவழிக்கு இடையூறே. நான் நகர்த்திய கற்கள் சட்டத்தின்படி அங்கே இருந்திருக்கலாகாதவை. என் காரும் அவ்வாறே. பெரும்பாலான தெருத்தகராறுகளில் இரு தரப்பும் பிழைபட்டிருப்பதாலேயே சமாதானம் கடினமாகின்றது.

மூன்றாவது, தனியார் மனை வழியே செல்லும் பாதை பற்றியது. பழைய பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம் என்று எழுதியிருப்பதைக் காண்கின்றோம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கு உரியதாக இயற்றப்பட்டது. இருபது ஆண்டுகள் தடையின்றியும் வெளிப்படையாகவும் உரிமையெனக் கொண்டும் அயலார் நிலத்து வழியைப் பயன்படுத்தியவர்க்கு அவ்வழியில் உரிமை பிறக்கும் என்று அதன் 15ஆம் பிரிவு கூறுகின்றது. ஒரே மனையாக இருந்தது பாகப்பிரிவினையில் பிளவுபட்டு, பின்மனைக்கு வேறு வழியே இல்லாது போயின், இன்றியமையாமை பற்றிய வழியுரிமையை 13ஆம் பிரிவு தருகின்றது. அண்ணன் தம்பியர் பாகம் பிரிக்கும்போது வீட்டை அளக்கின்றனர், கிணற்றை அளக்கின்றனர், தென்னையை எண்ணுகின்றனர். பின்வீட்டாரின் பாதையைப் பத்திரத்தில் எழுத மட்டும் மறந்துவிடுகின்றனர். பேரப்பிள்ளைகள் அதற்கு நீதிமன்றப் படியேறுகின்றனர்.

பொதுவழியில் சட்டத்துக்கு மாறான தடை ஏற்பட்டால் அதனை அகற்ற ஆணையிடும் அதிகாரம் கோட்டாட்சியர் போன்ற நிருவாக நடுவர்க்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது இன்று 152ஆம் பிரிவாக இருக்கின்றது. ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்க. ஆணை பெற்று வாயிலைத் திறக்கலாம். மூடிய மனத்தை அவ்வாணை திறவாது. வழக்கில் வென்றவரும் அதே தெருவில்தான் வாழ வேண்டும்.

குருதி படிந்த வாயில்கள்

2025 மார்ச்சு மாதம் பஞ்சாபின் மொகாலியில், வாடகை வீட்டில் குடியிருந்த இளம் விஞ்ஞானி ஒருவர், இருசக்கர ஊர்தி நிறுத்துவது பற்றி அண்டை வீட்டாரோடு எழுந்த கைகலப்பில் விழுந்து உயிர் நீத்தார். சிறுநீரக மாற்று மருத்துவம் செய்துகொண்டு, நாட்டுக்குப் பணியாற்ற வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் இரவில், தில்லி நிசாமுதீனை அடுத்த போகல் பகுதியில், வீட்டு வாயிலை மறித்து நின்ற ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தச் சொன்ன ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். இரு நிகழ்ச்சியிலும் வேற்றூர்ப் பகைவர் எவரும் இல்லை. நாள்தோறும் முகம் பார்த்தவர்களே இருந்தனர்.

ஒரு ஸ்கூட்டரை நகர்த்த எத்தனை நொடி வேண்டும்? அந்தச் சில நொடிகளை மறுத்தது சோம்பல் அன்று. “இவன் சொல்லி நான் நகர்த்துவதா?” என்னும் எண்ணமே மறுத்தது. இடத்துக்காகத் தொடங்கும் சண்டை சிறிது நேரத்தில் மானத்துக்கான சண்டையாக மாறிவிடுகின்றது. இடத்தை அளந்து பிரிக்கலாம். மானத்தை அளக்க எந்த நில அளவரிடமும் சங்கிலி இல்லை.

ஊராரும் வந்தாரும்

திருச்செந்தூருக்கு இச்சிக்கல் இரட்டிப்பு. சூரசம்காரத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். 2025 சூலை 7ஆம் நாள் நடைபெற்ற குடமுழுக்குக்குப் பின் சாதாரண விடுமுறை நாளிலும் கூட்டம் மிகுந்தே காணப்படுகின்றது. வருவோர் பழிக்கத் தக்கவர் அல்லர். ஊரின் வாழ்வே அவர்களால் நடைபெறுகின்றது. ஆனால் கடற்கரையை நோக்கிச் செல்லும் வண்டி இடமின்றித் திரும்பும்போது குடியிருப்புத் தெருவுக்குள் நுழைகின்றது. பூட்டிய காரின் உரிமையாளர் தரிசன வரிசையில் நிற்பார். வாயில் அடைபட்ட வீட்டார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப இயலாது நிற்பார். இருவர்க்கும் ஒருவரையொருவர் தெரியாது.

பெருவிழாக் காலங்களில் ஊருக்கு வெளியே தற்காலிக நிறுத்துமிடம் அமைத்து அங்கிருந்து பேருந்து விடுகின்றனர். இம்முறை நல்லது. இதனை ஆண்டின் சில நாட்களுக்கு மட்டும் உரியதாக்காமல் ஒவ்வொரு வார இறுதிக்கும் விரிவாக்குதல் வேண்டும். 2021இல் நகராட்சியாக உயர்ந்த ஊருக்கு இது தகாத கோரிக்கை அன்று. தங்கும் விடுதிகள் தம் விருந்தினர் வண்டிகளைத் தம் மனைக்குள்ளேயே நிறுத்துகின்றனவா என்று உரிமம் புதுப்பிக்குங்கால் பார்த்தல் வேண்டும்.

பிறநாட்டு வழக்கம்

ஜப்பான் நாட்டில் 1962ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றினர். கார் வாங்குவோர் தம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அதனை நிறுத்த இடம் உண்டு என்று காவல் நிலையத்தில் சான்று பெறுதல் வேண்டும். இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் தெருவில் ஒரே இடத்தில் நிறுத்துவதும் அங்கே குற்றம். அந்நாட்டுக் குடியிருப்புத் தெருக்கள் பல நம் தெருக்களைப் போலவே ஒடுங்கியவை. 2025 மே மாதத்தில் மகாராட்டிரப் போக்குவரத்து அமைச்சரும் நிறுத்துமிடச் சான்று இல்லாத கார்களைப் பதிவு செய்யப்போவதில்லை என்னும் கருத்தை அறிவித்தார்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் வேறொரு வழக்கம் உண்டு. பனி கொட்டும் காலத்தில் தெருவோரப் பனியை அள்ளி இடம் செய்தவர், அவ்விடத்தில் பழைய நாற்காலியை வைத்துவிட்டு வேலைக்குப் போவார். சட்டம் அதனை ஏற்பதில்லை. ஆயினும் அக்கம்பக்கத்தார் மதிப்பர். நாற்காலியை அகற்றினால் அங்கும் சண்டை உண்டு. நம் கருங்கல்லுக்கு உலகெங்கும் உறவினர் உளர்.

ஜப்பானியச் சட்டத்தை அப்படியே இங்குக் கொணரலாமா எனின், நான் தயங்குகின்றேன். வேன் ஓட்டியும் ஆட்டோ ஓட்டியும் பிழைப்போர் செந்தூரில் பலர். இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் வாழும் அவர்க்கு மனைக்குள் நிறுத்துமிடம் ஏது? சான்று கேட்டால் செல்வர் பெறுவர். உழைப்பாளி பிழைப்பை இழப்பார். ஆகவே முதலில் இரவு நிறுத்தப் பொது இடம் ஒன்றைக் குறைந்த வாடகையில் நகராட்சி தருதல் வேண்டும். அதன்பின்னரே தெருவில் நிறுத்துவதைக் கண்டித்தல் வேண்டும். இடங்கொடாமல் தண்டம் வாங்குவது அறமாகாது.

“ஆயுட்கால வரி கட்டியிருக்கிறேன், தெருவில் நிறுத்த எனக்கு உரிமை இல்லையா?” என்று கேட்போர் உளர். அந்த வரி வண்டி ஓடுவதற்கு உரியது. தெருவின் ஒரு பகுதியை ஆயுளுக்கும் விலைக்கு வாங்கிய கிரயப் பத்திரம் அன்று.

நாம் செய்யத்தக்கன

அரசைக் கைகாட்டிவிட்டு அமர்ந்திருத்தல் எளிது. தெருவார் தாமே செய்யக்கூடியவை சில உள. ஒற்றைப்படை நாளில் ஒரு பக்கம், இரட்டைப்படை நாளில் மறுபக்கம் என்று நிறுத்துவதைத் தெருவார் கூடித் தீர்மானிக்கலாம். பெருநகரங்களில் இம்முறை நடைமுறையில் உள்ளது. வாயிலுக்கு நேரே மட்டும் மஞ்சள் கோடு இடுமாறு நகர்மன்ற உறுப்பினரைக் கேட்கலாம். கோடு இருக்குமிடத்தில் கல்லுக்கு வேலையில்லை. காரின் முன்கண்ணாடியில் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒன்றை வைப்பது காசு செலவில்லாத நாகரிகம். புதிதாக வீடு கட்டுவோர் சாய்தளத்தைத் தம் மனைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுதல் வேண்டும். இரண்டடி உள்வாங்கிக் கட்டினால் வீடு சிறுத்துவிடாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பாதையின் அகலத்தை அடிக்கணக்கில் எழுதுதல் வேண்டும்.

தகராறு முற்றுமாயின் காவல் நிலையத்துக்கு முன் சமரசத்தை நாடுக. 1987ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சட்டப் பணிகள் குழுக்களும் மக்கள் நீதிமன்றங்களும் உள்ளன. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சமரசச் சட்டம், ஒரு பகுதியில் வாழ்வோரின் அமைதியைக் கெடுக்கும் பூசல்களைச் சமுதாயச் சமரசத்தால் தீர்ப்பதற்கென்றே தனி இயல் ஒன்றை ஒதுக்கியுள்ளது. திண்ணையில் அமர்ந்து பெரியவர் பேசித் தீர்த்ததையே சட்டம் சுற்றிவந்து கண்டடைந்திருக்கின்றது.

அறநூல்களும் இதற்கு அயலானவை அல்ல. வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம் அமைத்தார். வழியில் கிடந்து பிறர்க்குத் தொல்லை தரும் பொருளை அகற்றுதலை இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்றாக நபிமொழி எண்ணுகின்றது. பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்தெறிவதே அறம் என்றால், நாமே கொண்டுபோய் நிறுத்திய இரும்பை அகற்றுவது எவ்வளவு எளிய அறம்!

முடிவுரை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை இவ்வட்டாரத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை கடந்தது. தெருவை ஆற்றோடு உவமித்த புலவர் வாக்கு அன்று உவமையாக இல்லாமல் உண்மையாகவே நின்றது. செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணியர்க்கு அண்மையிலுள்ள புதுக்குடி ஊரார் சோறாக்கிக் கொடுத்தனர். மீட்புப் படை வருவதற்கு முன் நம் வீட்டுக் கதவைத் தட்டியவர் யார்? மாடிக்கு வாருங்கள் என்று கை நீட்டியவர் யார்? அண்டை வீட்டாரே. அன்று எவருடைய கார் எங்கே நின்றது என்று எவரும் கேட்கவில்லை, கார்கள் மிதந்துகொண்டிருந்தன.

பேரிடர் வந்தால்தான் அண்டை வீட்டார் நினைவுக்கு வருவர், தேர் வந்தால்தான் தெரு நினைவுக்கு வரும் என்பது நமக்குப் பெருமை தரும் நிலையன்று. தேர் ஆண்டுக்கு இருமுறை வருகின்றது. அது வரும் நாள் பஞ்சாங்கத்தில் இருக்கின்றது. எதிர்வீட்டு ஆச்சிக்கு மூச்சுத் திணறும் நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஆதலின் அவ்வழியை எந்நாளும் திறந்தே வைத்தல் வேண்டும்.

என் கார் இப்போது இரண்டு தெரு தள்ளி, மாத வாடகைக்கு எடுத்த ஒரு காலி மனையில் நிற்கின்றது. நாள்தோறும் சிறிது தூரம் நடக்கின்றேன். அண்ணாச்சி வாசலில் நின்று சில வேளை பேசுகின்றோம். அந்தக் கருங்கற்கள் இரண்டும் அவர் வீட்டுப் புறவாசலில் துணி துவைக்கப் பயன்படுகின்றன.